தானாய் முளைப்பதை விதைத்து வளர்ப்பது

நர்சரிக்குப் போய்த் தும்பைச் செடி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். காசித்தும்பையைத்தான் எடுத்து வந்து காட்டுவார்கள். ரோஸ், சிவப்பு, ஊதா என்று தண்டோடு ஒட்டிப் பூத்திருக்கும். முற்றிய காயைத் தொட்டால் படக்கென்று வெடித்து விதையைத் துப்பும். அழகான செடிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கும் தும்பைக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தண்டு முழுக்க ஈரத்தை வைத்துக்கொண்டே, ஒருவேளை தண்ணீர் தவறினால் தொங்கிப்போகிற செடி அது. நான் கேட்பது வெள்ளைத் தும்பை, வரப்பில் கிடக்குமே, சிவனுக்குப் போடுவார்களே என்று விளக்கினால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

"ஏக்கா, அது தரிசுல தன்னால மொளச்சுக் கெடக்குமே. அதப் போயி ஆராச்சும் காசு குடுத்து வாங்குவாகளா?"

மதுரையில் ஒரு நர்சரிக்கார அண்ணன் என்னிடம் கேட்டது இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தரிசு எங்கே இருக்கிறது? எங்கள் ஏரியாவில் கல் நட்டுப் போட்ட பிளாட்டுகளில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட ஆரம்பித்த செடி, இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத ஊர் எது என்று தேட வேண்டியிருக்கிறது. ரோட்டோரத்தை நூறு நாள் வேலையில் மண் தெரியச் செதுக்கிவிடுகிறார்கள். வயலில் களைக்கொல்லி. தும்பை ஒன்றும் அழிந்துபோகிற செடி அல்ல, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் டவுனில் பிறந்த பிள்ளைகளுக்கு 'தும்பைப்பூ மாதிரி இட்லி' என்பது வெறும் பேச்சாகிவிட்டது. இட்லியைத் தெரியும், பூவைத் தெரியாது.

ஆன்லைனில் விதை கிடைக்கிறது. பாக்கெட்டின் மேல் படமும் சரியான தும்பைதான். அதை வாங்கிப் போட்டதில் எனக்கு முளைத்தது காசித்தும்பை. போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். "தும்பைதான் மேடம், போகப் போக வெள்ளையாயிடும்" என்று பதில் வந்தது. நல்ல ரோஸ் நிறத்தில் பூத்தது. அதற்குப் பிறகு விதைக்காகக் கடைப் பக்கம் போகவில்லை. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் அப்பா வழியில் கொஞ்சம் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. அந்த வரப்பில் தும்பைக்கு இன்னும் பஞ்சமில்லை.

விதை எடுக்கப் போகிறவர்கள் முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். தும்பை என்ற பெயரை ஒட்டவைத்துக்கொண்டு திரிகிற செடிகள் பல. கவிழ்தும்பை இருக்கிறது; இளநீலப் பூ, எப்போதும் தரையைப் பார்த்தே தொங்கும், செடி முழுக்கச் சொரசொரவென்று முடி. அதுவும் மானாவாரி நிலத்துச் செடிதான், நல்ல செடிதான், ஆனால் வேறு குடும்பம். பேய்மிரட்டியைச் சில ஊர்களில் பெருந்தும்பை என்கிறார்கள். நம் தும்பைக்கு அடையாளம் தண்டில் இருக்கிறது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் உருளாது, சதுரம். துளசிக் குடும்பத்துக்கே உள்ள அடையாளம் அது. இலை ஒடுக்கமாய், நுனி மழுங்கலாய், தொட்டால் லேசாகச் சொரசொரக்கும். கசக்கி முகர்ந்தால் ஒரு காட்டமான வாடை வரும். ஒருமுறை முகர்ந்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது.

பூவை நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். கணுவுக்குக் கணு தண்டைச் சுற்றி வளையமாகப் புல்லிவட்டங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பச்சைக் குழல். லேசாக வளைந்து, வாயில் பல் பல்லாக இருக்கும். அந்தக் குழலுக்குள்ளிருந்துதான் வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கிறது. பூவுக்கு இரண்டு உதடு. மேல் உதடு சின்னது. முக்காடு போட்டதுபோல் குவிந்து, வெளிப்பக்கம் பஞ்சு பஞ்சாக முடி. நான்கு மகரந்தத் தண்டுகளும் அந்த முக்காட்டுக்குள் ஒளிந்திருக்கும். கீழ் உதடு நன்றாக விரிந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வருகிற பூச்சி உட்காரத் திண்ணை அது. திண்ணையில் உட்கார்ந்து தேனுக்காகத் தலையை உள்ளே விட்டால் மேலிருந்து மகரந்தம் தலையிலும் முதுகிலும் அப்பிக்கொள்கிறது. ஒரு வளையத்தில் எல்லாப் பூவும் ஒரே நாளில் விரிவதில்லை. இன்று இரண்டு, நாளை மூன்று என்று முறைபோட்டுக்கொண்டு வரும். விரலால் தொட்டால் போதும், பூ முழுசாக உருவிக்கொண்டு வந்துவிடும். அடியில் ஒரு துளி தேன். ஊரில் வளர்ந்த யாருக்கும் அந்தத் தேனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பூ உதிர்ந்த பிறகும் குழல் செடியிலேயே இருக்கும். அதன் அடியில் நான்கு விதைகள், கூட்டி வைத்ததுபோல் ஒன்றோடு ஒன்று ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு பூவுக்கு நாலு. துளசிக்கும் அதே கணக்குதான். மாசி பிறந்தால் செடி அடியிலிருந்து காய ஆரம்பிக்கிறது. குழல்கள் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் விதை தயார். கையால் ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்தால் கண்ணும் முதுகும் போய்விடும். தண்டோடு அறுத்து, பெரிய காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு, நிழலில் சில நாள் தொங்கவிட வேண்டும். பிறகு பையைத் தட்டினால் உள்ளே சரசரவென்று கொட்டும். பழுப்பும் கறுப்புமாக, வழுவழுப்பாக, மூன்று பட்டை தீட்டியதுபோல் சின்ன விதைகள். முறத்தில் புடைத்தால் விதையும் பறக்கும். தட்டில் போட்டு வாயால் மெல்ல ஊதிச் சருகை விலக்குவதே நல்லது.

வயலில் இந்த வேலையைக் காற்று செய்கிறது. காய்ந்த செடி கோடை முழுக்க நட்டமாக நிற்கும். காற்று அடிக்கிற போதெல்லாம் நாலு விதை இங்கே, நாலு விதை அங்கே. தூரம் போவதில்லை, பறக்க இறகும் இல்லை, ஒட்டிக்கொள்ள முள்ளும் இல்லை. அதனால்தான் ஒரு வருடம் தும்பை நின்ற இடத்திலேயே அடுத்த வருடமும் கூட்டமாக நிற்கும்.

இனிமேல்தான் விஷயமே ஆரம்பம். தானாக முளைக்கிற செடி, விதையைத் தூவினால் முளைக்காதா என்று தோன்றும். மாசியில் எடுத்த விதையில் ஒரு பாதியை உடனே தொட்டியில் தூவித் தண்ணீர் தெளித்தேன். மீதியைக் காகிதக் கவரில் மடித்துப் பரணில் போட்டு ஐப்பசி வரை வைத்திருந்தேன். மாசித் தொட்டியில் ஒன்றும் நடக்கவில்லை. ஈரம், வெயில், மண் எல்லாம் இருந்தும் அசையவில்லை. பரணில் கிடந்து வெந்த விதை ஐப்பசியில் போட்டதும் முளைத்தது.

விதை உறக்கம் என்பது நம் விவசாயிகளுக்குப் புதிது இல்லை. நிலக்கடலை போட்டவர்களைக் கேளுங்கள். கொத்துக்கடலை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டு, பிடுங்கும்போது பாதிக் கடலை வெள்ளை வேரோடு வரும். கொடிக்கடலையில் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு உறக்கம் உண்டு. அறுத்துக் காயவைத்துச் சில வாரம் போனால்தான் முளைக்கச் சம்மதிக்கும். நெல்லிலும் ரகத்துக்கு ரகம் இது உண்டு. பயிரில் இந்த உறக்கத்தை நாம் ஆயிரக்கணக்கான வருடமாகக் குறைத்துக் குறைத்து வந்திருக்கிறோம். போட்டவுடன் எல்லாம் ஒன்றாக முளைத்தால்தானே ஒன்றாக அறுக்க முடியும்? காட்டுச் செடியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாசியில் ஒரு கோடை மழை பெய்கிறது, மண் நனைகிறது. அதை நம்பி முளைத்தால் பங்குனி வெயிலில் கருகும். உலர்ந்த சூட்டில் சில மாதம் கிடந்த பிறகே விழிக்கிற விதைக்கு அந்த ஆபத்து இல்லை. அதனால் தும்பை விதையை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஆப்பிளுக்கும் ரோஜாவுக்கும் குளிர் வேண்டும், அதெல்லாம் பனி விழும் நாட்டுச் சமாச்சாரம். நம் விதைக்குக் கோடைதான் வேண்டும். ஓட்டு வீட்டுப் பரண் இதற்கு நல்ல இடம்.

விதைப்பதற்குப் புரட்டாசிக் கடைசி அல்லது ஐப்பசி. தமிழ்நாட்டின் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் வருகிறது. எங்கள் பக்கம் மானாவாரிக்கு அந்த மழையை விட்டால் வேறு கதி இல்லை. தும்பைக்கும் அதே கணக்கு. மண்ணைக் கொத்திவிட்டால் போதும். தொழு உரம் வேண்டாம், மண்புழு உரம் வேண்டாம், கோகோபீட் வேண்டவே வேண்டாம். விதையைக் காய்ந்த மணலோடு கலந்து தூவ வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டும். தூவிய பிறகு மண் போட்டு மூடக் கூடாது. உள்ளங்கையால் அழுத்திவிட்டு, பூவாளியில் மெதுவாகத் தெளித்தால் முடிந்தது. எறும்பு இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் போகட்டும் என்று கணக்கில் சேர்த்தே விதைப்பது மேல்.

மூடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தொட்டியில் அரை அங்குலம் மண் போட்டு மூடியும், பக்கத்துத் தொட்டியில் மேலாக்கவும் தூவி வைத்துப் பார்த்தேன். மூடியதில் ஏதோ பேருக்கு முளைத்தது. மேலே கிடந்தது பச்சைப் பாய் விரித்துவிட்டது. சிறு விதைகள் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் 1952இல் லெட்டூஸ் கீரை விதையை வைத்து இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். சிவப்பு வெளிச்சம் பட்டால் விதை முளைக்கிறது. அதற்குப் பிறகு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைச்சிவப்பைக் காட்டினால் மனம் மாறிப் படுத்துக்கொள்கிறது. மறுபடி சிவப்பு, மறுபடி விழிப்பு. கடைசியாக எந்த வெளிச்சம் பட்டதோ அதுவே தீர்ப்பு. இது வெறும் ஆய்வக விளையாட்டு இல்லை. பெரிய செடிகளின் இலை சிவப்பைக் குடித்துவிட்டுத் தொலைச்சிவப்பை மட்டும் கீழே விடுகிறது. ஆக, தலைக்கு மேல் யாரோ நிழல் கட்டி நிற்கிறார்கள் என்பது விதைக்கு மண்ணில் கிடந்தபடியே தெரிந்துவிடுகிறது. உழுத நிலத்தில் களை குபீரென்று கிளம்புவதற்கும் இதில் பங்கு உண்டு. உழவு, புதைந்து கிடந்த விதையைப் புரட்டி வெளிச்சத்தைக் காட்டிவிடுகிறது. காலங்காலமாய் உழுதுவருகிற மண்ணில் தும்பை குறையாததற்கு நம் ஏரும் ஒரு காரணம்.

முளைத்த பிறகு ஒரு சிரமம் உண்டு. ஐப்பசி மழைக்குத் தொட்டியில் முளைப்பது தும்பை மட்டுமில்லை. குப்பைமேனி, நாயுருவி, கீழாநெல்லி, மூக்கிரட்டை எல்லாரும் வருவார்கள். முதல் இரண்டு இலை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அடுத்த ஜோடி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். தும்பையின் இலை எதிரெதிராக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்தது தெற்கு வடக்கு. சந்தேகம் வந்தால் ஒரு நாற்றைப் பலி கொடுத்து முகர்ந்து பார்க்கலாம். பெயர்த்து நட வேண்டுமானால் நாலு இலைப் பருவத்தில் செய்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆணிவேர் இறங்கிவிடும், வேர் அறுந்தால் செடி முகம் சுளிக்கும். நேராக விதைத்த இடத்திலேயே கலைத்துவிட்டு வளர்ப்பதுதான் எனக்குப் பிடித்தது.

மாடித் தோட்டக்காரர்களுக்கு இதில் பெரிய பாடு பாசம்தான். தினம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக் கை பழகிவிட்டது. தும்பைக்கு அப்படி ஊற்றினால் முட்டியளவு வளரும், இலை கரும்பச்சையாக இருக்கும், பூ பேருக்கு இருக்கும். அடுத்த வாரம் அடித்தண்டு அழுகி ஒருபக்கம் சாயும். முளைத்து நிலைக்கிற வரை ஈரம் காய விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு மழை பெய்தால் பெய்கிறது. ரெண்டு வாரம் வானம் வெளுத்து, இலை மத்தியானத்தில் துவண்டால் மட்டும் ஒரு செம்பு.

எங்கள் மாடியில் கைப்பிடிச் சுவரும் தரையும் சேருகிற விரிசலில் ஒரு தும்பை முளைத்தது. தொட்டியிலிருந்து சிதறிய விதையாக இருக்கும். அங்கே மண் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சிமெண்டுத் தூளும் காற்றில் வந்த புழுதியும்தான். தொட்டியில் நின்றவை முட்டியைத் தொட்டபோது இது சுண்டுவிரல் உயரம். இலை நாலோ ஆறோ. கிளை இல்லை. ஆனால் உச்சியில் ஒரே ஒரு வளையம் வைத்து, அதில் ஒவ்வொன்றாகப் பூத்து, தொட்டிச் செடிகள் இன்னும் கிளைவிட்டுக்கொண்டிருந்தபோதே காய்ந்து முடித்துவிட்டது. குழலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே முழு அளவு விதை. செடியைத்தான் சிறுக்க வைத்திருக்கிறது, விதையைச் சிறுக்க வைக்கவில்லை.

வறட்சியைத் தாங்கும் செடி என்று தும்பையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு வழக்கு உண்டு. கள்ளி தாங்கும், உள்ளே தண்ணீர் வைத்திருக்கிறது. ஆவாரை தாங்கும், வேர் ஆழத்துக்குப் போகிறது. தும்பையிடம் இந்த இரண்டும் இல்லை. சின்ன இலை, சொரசொரப்பு, அடியிலைகளைச் சீக்கிரம் உதிர்த்துவிடுவது என்று சில சிக்கனங்கள் உண்டு, அவ்வளவே. சித்திரை வெயிலில் ஒரு தும்பையும் உயிரோடு நிற்பதில்லை. வறட்சி வரும் நேரத்தில் அது செடியாக இருப்பதே இல்லை, விதையாகிவிடுகிறது. தாங்குவது முழுக்க விதை. அந்த விரிசல் செடி அவசர அவசரமாகக் காரியத்தை முடித்ததும் அதனால்தான். தண்ணீர் இருக்கிற அளவுக்கு உடம்பை வெட்டிக்கொண்டு, விதைக்கு மட்டும் குறை வைக்காமல் கிளம்பிவிட்டது.

விதையிலும் எல்லாம் ஒன்றாக எழுவதில்லை. ஐப்பசியில் பச்சைப் பாய் விரித்த தொட்டியை, செடி காய்ந்ததும் அப்படியே ஒதுக்கி வைத்தேன். அதில் விதை உதிராதபடி எல்லாவற்றையும் அறுத்தெடுத்திருந்தேன். அடுத்த பருவ மழைக்கு அதே தொட்டியில் மறுபடி முளைத்தது, முந்தைய வருடம் போட்டதில் எழாமல் கிடந்தவை. ஜெருசலேமில் டான் கோஹன் என்ற ஆய்வாளர் 1966இல் இதற்குக் கணக்குப் போட்டார். மழை நிச்சயமில்லாத இடத்தில் ஓராண்டுச் செடியின் விதை முழுவதும் ஒரே வருடத்தில் முளைத்தால், ஒரு பொய்த்த வருடம் வந்தாலே வம்சம் முடிந்தது. ஒரு பங்கை மண்ணில் நிறுத்தி வைக்கிற செடிதான் நீண்ட ஓட்டத்தில் பிழைக்கும். மழை எவ்வளவு நிச்சயமில்லையோ அவ்வளவு அதிகம் நிறுத்தி வைக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தா நினைவு வந்தது. புழுதியில் விதைப்பு முடிந்த பிறகும் வீட்டில் ஒரு மூட்டை விதை இருக்கும். யார் கேட்டாலும் கொடுக்காது. "மறுவெதப்புக்கு வேணும்டா" என்று சொல்லிவிடும். முதல் மழைக்கு முளைத்தது அடுத்த மழை வராமல் காய்ந்துபோவது ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் சர்வசாதாரணம்.

மண்ணில் கிடக்கும் விதை எத்தனை காலம் தாங்கும்? அமெரிக்காவில் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற பேராசிரியர் 1879இல் இருபது பாட்டில்களில் மணலோடு களை விதைகளைக் கலந்து புதைத்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து முளைக்கப் போட்டு வருகிறார்கள். 2021இல் எடுத்த பாட்டிலில், 141 வருடம் கழித்தும், வெர்பாஸ்கம் என்ற செடியின் விதைகள் முளைத்தன. அடுத்த பாட்டில் 2040இல். தோண்டுவதை ராத்திரியில் செய்கிறார்கள், வெளிச்சம் பட்டுவிடக் கூடாதே.

தும்பை பூத்த மாடிக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது மார்கழிக் காலையில் எனக்குப் பிடித்த வேலை. வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீ ஒன்று வரும். கூட்டமாய் வாழாத ரகம், தனி ஆள். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, நாக்கை முன்கூட்டியே நீட்டிக்கொண்டு, விர்ரென்று நுழைந்து, மூச்சு விடுவதற்குள் அடுத்த பூவுக்குப் போய்விடும். கேமராவில் இதுவரை ஒழுங்காகச் சிக்கியதில்லை. கொசுத்தேனீ நேர் எதிர். அதற்கு அவசரமே இல்லை, முக்காட்டுக்குள் ஏறி உட்கார்ந்து மகரந்தத்தைச் சாவகாசமாக வழித்தெடுக்கும். வெயில் ஏறிய பிறகு சின்ன நீலப் பட்டாம்பூச்சிகள். பத்து மணிக்கு மேல் தரையில் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும், அதில் எறும்பு. பூக்கடையில் வாங்கி வைத்த ஹைப்ரிட் செவ்வந்தித் தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது; அதை ஒரு பூச்சியும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு தொட்டால் உதிர்கிற பூவை எப்படிப் போர்க்களத்துக்குச் சூடிப் போனார்கள் என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம். தொல்காப்பியத்தின் புறத்திணையில் தும்பை ஒரு திணை. வலிமையைக் காட்டவே வருகிற வேந்தனை எதிர்கொண்டு பொருதுவது. நேருக்கு நேர் சண்டைக்கு இந்தப் பூ. ஒற்றைப் பூவாக எடுத்துத் தொடுத்திருக்க முடியாது, வளையத்தோடு தண்டை ஒடித்துத்தான் கட்டியிருக்க வேண்டும் என்பது நானும் ஒரு தமிழாசிரியைத் தோழியும் பேசி முடிவு செய்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியலிலும் தும்பை இருக்கிறது. மலையாளிகளுக்கோ இது ஓணத்துப் பூ. அத்தப்பூக் கோலத்தில் தும்பை இல்லாமல் முடியாது. அங்கே ஆவணியில் பூக்கிறது, தென்மேற்கு மழையைக் குடித்த செடி. இங்கே ஐப்பசி மழையைக் குடித்துக் கார்த்திகை மார்கழியில். கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்னால் கட்டுகிற காப்பில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலையோடு தும்பையும் சேருவதுண்டு. தை பிறக்கும்போது இந்தப் பக்கத்துத் தரிசில் கைக்குக் கிடைப்பவை இவைதானே.

மருந்து விஷயத்தை நான் எழுதப் போவதில்லை. சளிக்கு ஆவி பிடிப்பதெல்லாம் வீட்டு வழக்கம், இருக்கட்டும். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பாம்புக்கடிக்குத் தும்பைச் சாறு என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு தடவை எனக்கே வருகிறது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு ஊசி ஒன்றுதான் மருந்து. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுகிறார்கள். அந்த ஊசி தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978லிருந்து இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள். மூலிகையும் பாம்பும் அவர்களுக்குத் தெரிந்த அளவு நம்மில் யாருக்குத் தெரியும்? இலையைக் கசக்கிக்கொண்டிருக்காமல் வண்டியை எடுங்கள்.

இந்த வருடம் மாடியை விட்டு வெளியே வந்திருக்கிறேன். காம்பவுண்டுச் சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு முழ அகலத்தில் நீளமாக ஒரு துண்டு நிலம். பார்த்தீனியம் பூக்கும் முன்பே, கையுறை போட்டு, வேரோடு பிடுங்கினேன். அதன் விதையும் வருடக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும் என்பதால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மறுபடி பிடுங்க வேண்டியிருக்கிறது. மண்ணை மேலாகக் கீறித் தும்பையைத் தூவினேன். எதிர்வீட்டு அத்தை முதலில் "என்னம்மா, களையப் பிடுங்கிட்டுக் களைய வெதைக்கிற?" என்றார்கள். மார்கழி வந்ததும், வாசலில் கோலம் போட்ட கையோடு ஒரு பிடி பறித்துக்கொண்டு பிள்ளையாருக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பிடி சேர அரைமணி நேரம் ஆகிறது, பூ அவ்வளவு சின்னது. இப்போது அவர்களுக்கும் விதை வேண்டுமாம். மாசியில் தருகிறேன், ஆனால் ஐப்பசி வரைக்கும் கவரைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

விதை கேட்டு எழுதுகிறவர்களுக்கு: என்னிடம் வாங்குவதைவிட உங்கள் ஊர் வரப்பில் எடுப்பது நல்லது. அருப்புக்கோட்டைக் கரிசலில் பழகியது நாகர்கோவில் மழைக்கோ ஊட்டிக் குளிருக்கோ ஒத்துவருமா என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஒரே செடியில் வழித்தெடுக்காமல் இருபது முப்பது செடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். நிலக்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள், சிரிப்பார், ஆனால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். களைக்கொல்லி அடித்த வரப்பா என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கவரின் மேல் ஊர் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். என் பரணில் போன வருடத்துக் கவர் ஒன்று பெயரில்லாமல் கிடக்கிறது. பிரித்து முகர்ந்து பார்த்தும் கவிழ்தும்பையா பேய்மிரட்டியா என்று பிடிபடவில்லை. ஐப்பசியில் போட்டுப் பார்க்க வேண்டும்.